காபிக்கடையில் நாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் தெருவைப் பார்த்தபடி ஒரு காபிக்கடை நடத்துகிறேன். உள்ளே மேசைகள், வெளியே கீற்றுப் பந்தலின் கீழ் சில நாற்காலிகள். காலையில் பால் வரும் நேரத்துக்கே தெரு நாய்கள் வாசலுக்கு வந்துவிடும். சாயங்காலம் வளர்ப்பு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு காபிக்கு வருபவர்களும் இப்போது உண்டு. வாடிக்கையாளர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், தஞ்சாவூரிலும் மயிலாடுதுறையிலும் புதிதாகக் கடை போட்டவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒரே சந்தேகங்களைத்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். நாயை அடித்து விரட்டுகிற கடையும் வேண்டாம், தட்டு வரைக்கும் விடுகிற கடையும் வேண்டாம் என்பதுதான் என் நிலை.

நாயைக் கூட்டிக்கிட்டு ஓட்டலுக்குள்ள வரலாமா? சட்டத்துல இடம் இருக்கா?

உள்ளே வர இடமில்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-இல் உரிம விதிகள் வந்தன. அவற்றின் 4-ஆம் அட்டவணை, உணவு தயாரித்து விற்கும் இடத்துக்குள் விலங்கு, பறவை, வளர்ப்புப் பிராணி எதையும் அனுமதிக்கக் கூடாது என்கிறது. டீக்கடைக்கும் அது பொருந்தும், ஏசி போட்ட கஃபேவுக்கும் பொருந்தும்.

எங்கள் கடையில் நிலைப்படிதான் எல்லை. அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, சாமான் அறை, உள் மேசைகள் எங்கேயும் நாய் கிடையாது. வெளியே பந்தலின் தெருப்பக்க ஓரத்தில், கயிற்றில் பிடித்த நாயோடு உட்காரலாம். அந்த ஓரத்தில் நாங்கள் இலை போடுவதில்லை. காபி, டீ மட்டும்தான்.

வாசல்ல சும்மா படுத்திருக்கற நாயால டீக்கு என்ன கேடு வந்துடும்?

சும்மா படுத்திருப்பதால் ஒன்றும் வராது. வெறிநோய் காற்றில் பரவுவதில்லை. வெறி பிடித்த விலங்கின் எச்சில் காயத்திலோ கண், வாய் போன்ற ஈரமான இடத்திலோ பட்டால்தான் பரவும். கொதித்த டீயிலும் கிருமி பிழைக்காது.

கேடு வருவது கையாலும் பாத்திரத்தாலும் தான். நாயின் முதுகைத் தடவிய கை டம்ளரின் விளிம்பைப் பிடிக்கிறது. ஆறிப்போன சட்னிக்குள் முடி விழுகிறது. முழங்கால் உயர ஸ்டூலில் வைத்த வடைத் தட்டை நாய் மோந்து பார்க்கிறது. நாயின் வயிற்றில் உருண்டைப் புழு, கொக்கிப் புழு இருந்தால் அவற்றின் முட்டை கழிவு வழியாக மண்ணுக்கும், அங்கிருந்து பிள்ளைகளின் கைக்கும் வரும். தோலில் படர்தாமரை இருந்தால் தொட்டவருக்கு ஒட்டும். அதனால் வடைத் தட்டு இடுப்புக்கு மேல், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கட்டும். டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள்.

மாஸ்டர் நாய்க்குப் பொறை போட்டுட்டு அதே கையோட டீ ஆத்துறாரு. சொன்னா கோவிச்சுக்குவாரோ?

சொல்லுங்கள். "அண்ணே, கையைக் கழுவிட்டு ஆத்துங்கண்ணே" என்று பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னால் எந்த மாஸ்டரும் கோபிக்கமாட்டார். நாலு பேர் முன்னால் குரலை உயர்த்திச் சொன்னால்தான் அவருக்கு மனம் சுருங்கும். தோளில் கிடக்கும் துண்டில் துடைப்பதும், டம்ளர் அலசும் வாளியில் கையை முக்குவதும் கழுவுவது ஆகாது. வாளியில் முக்கினால் அழுக்கு அத்தனை டம்ளருக்கும் போகும். சோப்புப் போட்டு, விரலிடுக்கு வரை தேய்த்து, ஓடும் தண்ணீரில் 20 விநாடியாவது கழுவ வேண்டும்.

கடைக்காரர்களுக்கு ஒன்று. அடுப்படியில் நிற்பவர் நாய்க்குச் சோறு வைக்கக் கூடாது என்று வேலையைப் பிரித்துவிடுங்கள். எங்கள் கடையில் வாசல் பெருக்கும் அக்காதான் நாய்களுக்கு வைப்பார். அவர் பரிமாற வருவதில்லை. இந்த ஒரு ஏற்பாட்டில் பாதிப் பேச்சு நின்றுபோனது.

நாங்க கூத்தாநல்லூர்க்காரங்க. நாய் வாய் வெச்ச பாத்திரத்துல கொடுத்துட்டா எங்களுக்கு மார்க்கப்படி பெரிய சங்கடம். எப்படி நம்பி வர்றது?

நியாயமான கேள்வி. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்ணால் கழுவ வேண்டும் என்பது நபிமொழி. கடையில் ஒவ்வொரு டம்ளரையும் அப்படிக் கழுவ முடியாது. அதனால் நாய் வாய் வைத்ததைத் திரும்பப் புழக்கத்துக்கே எடுப்பதில்லை. நாய்க்குத் தண்ணீர் வைப்பது மண் சட்டியில். சோறு வைப்பது கொட்டாங்குச்சியில் அல்லது இலைத் துண்டில். எவர்சில்வரும் கண்ணாடியும் பித்தளை டபராவும் அந்தப் பக்கம் போகவே போகாது.

இது மார்க்கத்தில் கண்டிப்பாக இருப்பவர்களுக்காக மட்டும் செய்வதல்ல. மடி ஆசாரம் பார்க்கும் மாமிகளும் வருகிறார்கள், கைக்குழந்தைக்குப் பால் ஆற்றிக் கொடுக்கும் தாய்மாரும் வருகிறார்கள். பாத்திரம் தனி என்று தெரிந்தால் எல்லாருக்கும் நிம்மதி. உங்கள் ஊர்க் கடையில் சந்தேகம் இருந்தால், "நாய்க்கு எதுல தண்ணி வைக்கிறீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் காகிதக் கப்பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டீக்கடை நாய்க்கு என்ன போடலாம், என்ன போடக் கூடாது?

முதலில் கூடாதவை. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. ஆகவே மசால்வடை, சாம்பார், குருமா, வெங்காயச் சட்னி எதுவும் வேண்டாம். திராட்சை, பச்சையானாலும் கேசரியில் விழும் உலர்ந்ததானாலும், சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலமே காரணம் என்று கருதப்படுகிறது. அது புளியிலும் நிறைய உண்டு. எனவே புளியோதரையும் புளிக்குழம்புச் சோறும் விலக்கு. சாக்லேட்டும் காபியும் நாயின் இதயத்தைத் தாறுமாறாக ஓடவைக்கும்.  ஃபில்டரில் இருந்து தட்டிய காபிச் சக்கையைத் திறந்த குப்பைத் தொட்டியில் போடுகிற கடைகள் கவனிக்க வேண்டும். சமைத்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த, சர்க்கரை இல்லாத மிட்டாயும் சூயிங்கமும் கொஞ்சம் போனாலே ஆபத்து.

திருவையாறு அசோகா அல்வாவை அன்போடு கிள்ளிப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது விஷமில்லை, ஆனால் அவ்வளவு நெய்யும் சர்க்கரையும் நாய்க்குத் தேவையே இல்லை. பொறை, பிஸ்கட் ஒன்றிரண்டு பரவாயில்லை, அதையே நாளெல்லாம் போட்டால் சொறியும் பருமனும்தான் மிச்சம். கொடுக்கத் தோதானவை: சட்னி சாம்பார் படாத இட்லி, வெறும் சோறு, வேகவைத்த முட்டை, மசாலா இல்லாத எலும்பற்ற கறி. எல்லாவற்றுக்கும் மேலாக, சித்திரை வைகாசி வெயிலில் ஒரு சட்டி நல்ல தண்ணீர்.

தேய்பிறை அஷ்டமிக்கு பைரவருக்கு வேண்டிக்கிட்டு நாய்க்குப் பால் ஊத்துறேன். அதையும் தடுப்பீங்களா?

தடுக்க மாட்டேன். பைரவர் வாகனத்துக்கு வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். ஆனால் வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். ஒரே அஷ்டமியில் ஆளாளுக்கு அரை லிட்டர் ஊற்றினால் மறுநாள் தெருவே நாறும். பாலுக்குப் பதில் ஒரு கைப்பிடி சோற்றில் கொஞ்சம் மோர் விட்டுப் பிசைந்து வையுங்கள். கடை வாசலில் வேண்டாம், சாப்பிட வந்த நாய்கள் அங்கேயே சண்டை போட்டுக்கொள்ளும். ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் வைத்து, தின்று முடிந்ததும் இலையை எடுத்துவிடுங்கள். வெங்காயம் போட்ட வடை வேண்டாம், காரணம் முந்தின பதிலில் இருக்கிறது.

சாப்பிடறப்ப பக்கத்துல வந்து மூஞ்சியையே பார்க்குது. ஒரு வாய் போட்டா என்ன குறைஞ்சிடும்?

உங்களுக்கு ஒன்றும் குறையாது. அடுத்து அந்த நாற்காலியில் உட்காரும் பெரியவருக்குத்தான் தொல்லை. சாப்பிடும் ஆளிடமிருந்து கிடைக்கும் என்று ஒருமுறை கற்றுக்கொண்ட நாய், அடுத்தவர் மடியில் கால் வைக்கும். அவர் தட்டிவிடுவார், நாய் உறுமும், பிறகு "கடை நாய் கடிக்க வருது" என்று பேச்சாகும். கடைசியில் அடிபடுவது நாய்தான். கொடுக்க மனமிருந்தால் கல்லாவில் சொல்லுங்கள். நாய்க்கு வைக்கும் நேரத்தில் சேர்த்து வைத்துவிடுவோம்.

நாயைப் பார்த்தாலே எம் பொண்ணுக்கு நடுக்கம். நாய்க்காரங்க "ஒண்ணும் பண்ணாது"ன்னு சிரிக்கிறாங்க. நான் என்ன செய்யறது?

கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பயப்படுபவருக்கே முதல் உரிமை. நாய்க்காரர் எழுந்து தள்ளிப்போக வேண்டும், உங்கள் பெண் அல்ல. "ஒண்ணும் பண்ணாது" என்பது பதிலே இல்லை. சின்ன வயதில் கடிபட்டவர்களுக்கு அந்தச் சொல் இன்னும் கலக்கத்தைத்தான் தரும்.

பிள்ளைக்கு வீட்டில் இதைச் சொல்லிக்கொடுங்கள். நாய் கிட்டே வந்தால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கையைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்க வேண்டும், கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது. தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய் மூன்றையும் தொடவே கூடாது. நாயைப் பிடிக்கும் பிள்ளைகளுக்கும் இது உண்டு. உரிமையாளரைக் கேட்காமல் எந்த நாயின் தலையிலும் கை வைக்கக் கூடாது.

விரட்டுறதுக்கு சுடுதண்ணி ஊத்தினா தப்பா? ஒரு தடவ ஊத்தினா அப்புறம் வரவே வராது.

பெரிய தப்பு. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். விலங்கைக் கொன்றாலோ முடமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. வெந்த தோலோடு அலையும் நாய் வேறு யாரையாவது கடிக்கும். கருணைக்காக இல்லாவிட்டாலும் தெருப் பிள்ளைகளுக்காகவாவது அந்தப் பழக்கத்தை விட வேண்டும்.

நாய் ஏன் வருகிறது என்று பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் எச்சில் இலைதான் காரணம். சாப்பாட்டுக் கடைகளின் பின்பக்கம் இலைக் கூடை திறந்து கிடக்கும். மாடும் நாயும் காக்கையும் அங்கேயே குடியிருக்கும். மூடி போட்ட, கவிழாத கனமான தொட்டி வாங்குங்கள், பந்தி முடிந்த கையோடு இலையை அதில் போட்டு மூடுங்கள். உள்ளே நுழையும் நாயை ஒவ்வொரு முறையும் ஒரே ஆள், ஒரே சொல்லில், கை காட்டி வெளியே அனுப்புங்கள். ஒரு நாள் அதட்டி ஒரு நாள் பிஸ்கட் போட்டால் அதற்கு எதுவும் விளங்காது.

எங்க வீட்டு நாயைக் கூட்டிக்கிட்டு வர்றேன். எங்ககிட்ட என்ன எதிர்பார்க்கறீங்க?

வெறிநோய்த் தடுப்பூசியும் பல நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் வருடந்தோறும் போட்டிருக்க வேண்டும். குடற்புழு மாத்திரையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுங்கள். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். வழியிலேயே ஒன்றுக்கு ரெண்டுக்கு முடித்துவிடுங்கள், அள்ளுவதற்குப் பையும் கையில் இருக்கட்டும். பருவத்தில் இருக்கும் பெட்டை நாயை அந்த நாள்களில் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், தெரு நாய்கள் மொத்தமும் பின்னால் வந்துவிடும்.

கடையில் கயிறு குட்டையாக இருக்கட்டும், உங்கள் கையிலேயே இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலிக் காலில் கட்டாதீர்கள். பூனையைக் கண்டால் நாற்காலியோடு ஓடும், அந்தச் சத்தத்தில் இன்னும் மிரளும். ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்ப்பவர்களுக்கு அதன் வேகம் தெரிந்திருக்கும். நாற்காலியில் ஏற்றக் கூடாது. தண்ணீருக்கு உங்கள் கிண்ணம். மத்தியான வெயிலில் வராதீர்கள். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும், தார் ரோடு அதன் பாதத்தைச் சுட்டுவிடும்.

ஐப்பசி அடமழையில நாய்ங்க எல்லாம் உள்ள ஒதுங்குது. பாவமா இருக்கு, விட்டுடலாமா?

பந்தலின் கீழ் ஒதுங்க விடுங்கள். உள்ளே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் வயல் எலிகள் வளை நிரம்பி ஊருக்குள் வரும். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரால் பரவுவது, நாய்க்கும் வரும், நாயின் சிறுநீரிலும் கிருமி வெளியேறும். தேங்கிய தண்ணீரில் காலில் புண்ணோடு நடப்பவர்களுக்குத்தான் அதிக ஆபத்து. நாய் படுத்த இடத்தைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் விட்டுத் தேய்த்துவிடுங்கள். கழுவுபவர் வெறுங்காலோடு நிற்கக் கூடாது. ஓரமாக ஒரு சாக்கைப் போட்டால் நாயும் அங்கேயே சுருண்டுகொள்ளும், வழியில் கிடக்காது.

கடிச்சிடுச்சு. கடையில காபித்தூள் இருக்கு, உடனே அப்பிடலாமா?

வேண்டவே வேண்டாம். காபித்தூள், மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் கூடாது. குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு 15 நிமிடம் முழுதாகக் கழுவுங்கள். வெறிநோய்க் கிருமிக்குச் சோப்பு ஆகாது. இந்தக் கழுவலே பாதி மருத்துவம். கழுவியபின் கிருமிநாசினி போடலாம். இறுக்கிக் கட்டு கட்டாதீர்கள்.

பிறகு நேரே அரசு மருத்துவமனை. தடுப்பூசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி அன்றைக்கே, அதிலிருந்து எண்ணி 3, 7, 28-ஆம் நாள்களில் மற்றவை. ரத்தம் வந்த கடியானால் காயத்தைச் சுற்றி, உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்துவார்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் எதுவும் கிடையாது. அறிகுறி தெரிந்தபின் இந்த நோயிலிருந்து பிழைப்பது அரிதிலும் அரிது. ஆகவே "வலி போயிடுச்சு" என்று மூன்றாவது ஊசியோடு நிறுத்தக் கூடாது.

கடிக்கல, சும்மா நக்குச்சு. அதுக்கும் ஊசியா?

நல்ல தோலில் நக்கினால் கழுவினால் போதும், ஊசி தேவையில்லை. ரத்தம் வராத கீறலோ லேசான பல் பதிவோ இருந்தால் தடுப்பூசி வேண்டும். ரத்தம் வந்த கடி, புண்ணில் நக்கியது, கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது ஆகியவற்றுக்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். முகத்தை நக்க விடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். எந்த வகை என்று நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காதுல வெட்டு இருந்தா ஊசி போட்ட நாய்தானே? பயமில்லையே?

காது நுனியில் வெட்டு இருந்தால் கருத்தடை செய்த நாய். அப்போது வெறிநோய் ஊசியும் போட்டிருப்பார்கள். ஆனால் அது எந்த வருடம் என்று காது சொல்லாது. ஊசியை வருடந்தோறும் திரும்பப் போட வேண்டும்.

எங்கள் கடையில் வாசல் நாய் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் உண்டு: நிறம், அடையாளம், ஊசி போட்ட தேதி, அடுத்த தேதி. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அடிபட்ட நாயைக் கண்டால் 1962 என்ற கால்நடை அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள். நோட்டில் தேதி இருந்தாலும், கடித்தால் முன்பே சொன்ன கழுவலும் மருத்துவமனையும் மாறாது. அந்த நாயைக் கொன்றுவிடாமல் பத்து நாள் கண்காணிப்பதும் முக்கியம். பத்து நாளும் நலமாக இருந்தால் கடித்தபோது அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள்.

தெரு நாய்க்குச் சோறு போடக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே? நீங்க எப்படிப் போடறீங்க?

2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இது: தெருவில் கண்ட இடத்தில் போடக் கூடாது, உள்ளாட்சி அமைப்புகள் வார்டுதோறும் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும். கருத்தடையும் ஊசியும் முடித்த நாயை, வெறி பிடித்ததாகவோ மூர்க்கமானதாகவோ இல்லாவிட்டால், பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றும் சொன்னது. நவம்பர் 7 உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களைத் தனியே பிரித்தது. அங்கிருந்து பிடித்த நாயை அங்கேயே திரும்ப விடக் கூடாது.

ஆகவே பஸ் நிலையக் கடைக்காரர்கள் வாசலில் சோறு வைக்கவே வேண்டாம். மற்றவர்கள் வார்டு உறுப்பினரிடமும் சுகாதார ஆய்வாளரிடமும் இடம் கேட்டு எழுதிக் கொடுங்கள். நாங்களும் அப்படிக் கேட்டு, வாசலை விட்டு விலகிய இடத்தில்தான் வைக்கிறோம். ஒன்று மட்டும் எனக்கு உறுதி: சோறு போடுபவர் ஊசிக்கும் கருத்தடைக்கும் பொறுப்பெடுக்க வேண்டும். சோற்றை மட்டும் போட்டுவிட்டுப் போவது பாதி அன்பு. அதன் மீதிச் சுமை தெருக்காரர்கள் தலையில் விழுகிறது.

கடை வாசல் நாய் கஸ்டமரைக் கடிச்சா கடைக்காரர் மேல கேஸ் வருமா?

தன் வசம் இருக்கும் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்க்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. தெருவில் பொதுவாக அலையும் நாய் உங்கள் வசம் இருப்பதாகாது. ஆனால் பேர் வைத்து, பட்டை கட்டி, ராத்திரி கடைக்குள் காவலுக்கு அடைத்து வைத்தால், "அது எங்க நாயில்லை" என்று சொல்வது எடுபடாது. அப்படி வைத்துக்கொண்டவர்கள் முறைப்படி வளர்ப்பு நாயாகவே வளர்த்துவிடுங்கள்.

ரொம்ப வருஷமா வர்ற வாடிக்கையாளர். அவர் நாயை மேசையில ஏத்தி, கடைத் தட்டுலயே ஊட்டுறார். சொன்னா வரமாட்டாரோன்னு தயக்கமா இருக்கு.

கடினமான கேள்வி இதுதான். அவரை இழந்தால் ஒரு ஆள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாது. அன்றைக்கே, அந்த மேசையில் வைத்துச் சொல்லாதீர்கள். அடுத்த முறை அவர் தெருமுனையில் வரும்போதே எதிரே போய், நாயின் பேரைச் சொல்லி விசாரித்து, "ஐயா, இதுக்குன்னு வெளியில சட்டி வெச்சிருக்கேன். இங்க உக்காருங்க, காபி நானே கொண்டாரேன்" என்று இடத்தைக் காட்டுங்கள். பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். அவர் ஊட்டிய தட்டை அன்றோடு நாய்க்கே கொடுத்துவிடுங்கள். தட்டின் விலையை அவரிடம் கேட்க வேண்டாம்.

கடையைக் காலி பண்ணிட்டு வேற ஊர் போறேன். வாசல் நாய்ங்களை என்ன பண்றது?

சொல்லாமல் போய்விடாதீர்கள். தினம் ஒரே நேரத்தில் தின்று பழகிய நாய், மூடிய கதவின் முன் காத்திருந்து, பிறகு பக்கத்துக் கடைகளுக்குள் நுழையும்; அங்கே அடி வாங்கும். போவதற்குச் சில வாரம் முன்பே சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறொருவர் கையால் வைக்கச் செய்யுங்கள். ஊசி பாக்கி இருந்தால் நீங்கள் இருக்கும்போதே போட்டு முடியுங்கள். புதிதாகக் கடை எடுப்பவரிடம் சாவியோடு அந்த நோட்டையும் கொடுங்கள். அவருக்கு நாய் ஆகாதென்றால், தெருவில் யார் பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்து, அவருடைய போன் நம்பரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டுப் போங்கள்.